மல்லிகா சொன்ன கவிதை

செவிலிமேட்டு வீட்டில் என் மகள் மேசையைத் தட்டிக்கொண்டே ஆங்கிலக் கவிதை படிக்கிறாள். தாளத்தோடு சொன்னால்தான் மதிப்பெண்ணாம்.

எட்டாம் வகுப்பில் என்னோடு படித்த மல்லிகாவும் ஒப்பித்தல் போட்டியில் அப்படித்தான் சொன்னாள். தறி ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தவள், போரில் தோற்ற அரசனின் நீண்ட கவிதையை அதே தாளத்தில், கை ஆட ஆட ஒப்பித்தாள். பரிசு வாங்கினால் மேலே படிக்க வைப்பதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

"ஏம்மா, பாட்டு சொல்றியா, புடவை நெய்யிறியா?" என்றார் சார்.

"ரெண்டு முழம் நெய்ஞ்சிட்டா சார்!" என்று கத்தினேன். வகுப்பே சிரித்தது. மரம்போல் நின்று ஒப்பித்த எனக்குத்தான் பரிசு.

அதோடு அவள் படிப்பு நின்றது. ஒருநாள் தெருவில் பார்த்தபோது, "உன்ன மாதிரி கைய ஆட்டாம சொல்ல எனக்கு வரலப்பா" என்றாள்.

நான் பரிசுப் பேனாவைச் சட்டைப்பையில் நன்றாகத் தெரியும்படி நகர்த்திக்கொண்டேன்.