தமுக்கில் சொன்ன பொய்

ராயப்பனும் நானும் ஒரே வருஷம் மாதா கோவிலில் புதுநன்மை வாங்கியவர்கள். திண்டிவனத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் நாலு எழுத்துப் படித்து வாத்தியார் ஆனேன். அவன் தமுக்கடிக்கப் போனான். வரி கட்டக் கடைசி நாள், அம்மை குத்த ஆள் வருகிறது, எதுவானாலும் சர்க்கார் சேதி ஊருக்கு அவன் வாயால்தான் வரும். எங்கள் ஆட்கள் மேலத்தெருவில் ஓரமாக ஒதுங்கி நடந்த காலம் அது. தமுக்கு இடுப்பில் தொங்கினால் மட்டும் ராயப்பன் நடுத்தெருவில் நடப்பான். அவன் குரலுக்குக் கதவுகள் திறக்கும். அதில் அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ரயிலடிக்குப் பக்கத்தில் அம்சா இட்லிக் கடை வைத்திருந்தாள். புருஷனை இழந்தவள். எங்களுக்கு இலையைத் தள்ளி வைத்துத்தான் கொடுப்பாள். சட்னியில் மட்டும் குறை வைக்கமாட்டாள். ஒரு நாள் காலை கூட்டமாக இருந்தபோது ராயப்பன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"ஜல்தி குடும்மா, சர்க்கார் வேலையா போய்க்கினு கீறேன்."

அம்சா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தமுக்கடிக்கிறவன் கலெக்டராட்டம் பேசறான் பாரு. சர்க்கார் உன்னத்தான் நம்பிக்கினு கீதா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ராயப்பன் இட்லி வாங்காமலே போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான். இதற்கு மேல் பெரிதாக ஏதோ பகை இருந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம்.

1938இல் ஊருக்குள் காலரா வந்தது. ஒரே வாரத்தில் ஆறு பேர் போனார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், ஈ மொய்த்த பண்டத்தை வாங்கக்கூடாது என்று ஊருக்குச் சொல்லச் சொல்லி உத்தரவு. ராயப்பனுக்கு எழுத்து தெரியாது. தாலுகா கச்சேரியில் படித்துக் காட்டியதை மனசில் வாங்கிக்கொண்டு வந்து சொல்லுவான். கையில் காகிதம் கிடையாது. அன்றைக்குக் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டான்.

"ரயிலடி அம்சா கடை இட்லியில காலரா பூச்சி கீறதா கண்டுபுடிச்சிருக்கிறபடியால், யாரும் அங்க வாங்கித் தின்னக்கூடாது!"

ஏழு தெருவிலும் சொன்னான். மறுநாள் அம்சா கடையில் ஈகூட இல்லை. மூன்றாம் நாள் யாரோ அடுப்பை உடைத்துப் போட்டார்கள். பத்து நாளில் விழுப்புரத்துப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகும் ராயப்பன் ஞாயிறு பூசை தவறியதில்லை. தேர்த் திருநாளில் முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, "பொய் சொன்னேன் சாமி, அஞ்சு தரம்" என்பான். அந்த அஞ்சில் ஒன்றாக இதையும் உள்ளே தள்ளிவிடுவானாம். சாமியாரும் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். இதையெல்லாம் பின்னால் அவனே என்னிடம் சொன்னான். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தான்.

ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. 1943இல், ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில், மறுபடியும் காலரா. எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ராயப்பன் தமுக்கடித்துக்கொண்டு போனான். மளிகைக்கடை சக்கரபாணி செட்டியார் கடையைவிட்டு இறங்கி வந்து நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்:

"ராயப்பன் சொன்னா போட்டுக்கணும்யா. அன்னிக்கு அந்த இட்லிக்காரியக் காட்டிக் குடுத்தானே, அதனாலதான் நம்ம ஊரு பொழச்சுது."

ராயப்பன் தமுக்கடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டான். யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். நேராகச் சாமியாரிடம் போய், இந்தத் தடவை எண்ணிக்கை சொல்லாமல், நடந்ததைச் சொன்னான். சாமியார், "தெருவெல்லாம் கேட்கச் சொன்னதை என் காதில் மட்டும் திருப்பிச் சொன்னால் போதுமா மகனே?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தமுக்குச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன்.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிக்கிறது என்னான்னா, அம்சா கடை இட்லியில காலரா கீதுன்னு சொன்னது பொய்! சர்க்கார் சொல்லல. ராயப்பனாகிய நாந்தான் சொன்னேன். அந்தம்மா மேல எனக்கு வன்மம். அதான் சொன்னேன்!"

அதே ஏழு தெரு. சிலர் குடித்திருக்கிறான் என்றார்கள். சிலர் சிரித்தார்கள். செட்டியார் மட்டும் கடைக்குள்ளே போய்விட்டார். மாலைக்குள் கச்சேரியில் தமுக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறு வாரத்திலிருந்து ராயப்பன் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கினான். எங்கள் ஆட்களுக்கே அவன் மேல் கோபம். நம்ம பேரைக் கெடுத்துவிட்டான் என்றார்கள். அவன் செய்தது சரிதான் என்று ஒருவரிடமாவது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சவுரி, ஊருக்குச் சொல்லிட்டேன். அந்தம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஒண்டியா போறதுக்கு வெக்கமா கீதுடா."

ரயிலேறி விழுப்புரம் போனோம். விசாரித்து விசாரித்துக் காணை போகும் ரோட்டில் கரும்புக் கொல்லை ஓரமாக ஒரு குடிசையைக் கண்டுபிடித்தோம். அம்சா வாசலில் காய்ந்த கரும்புச் சோகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ராயப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சிரித்தது, வன்மம், சேர்த்த வரி. ஒன்றையும் குறைக்கவில்லை.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ முனியம்மா பொண்ண நான் கொல்லலியா?"

எங்களுக்குப் புரியவில்லை.

"திண்டிவனத்துல என் பக்கத்து வூட்டுப் புள்ள. மொத நா காலைல எங்கிட்டதான் ரெண்டு இட்லி வாங்கித் தின்னுச்சு. மறுநா செத்துப்போச்சு. அப்புறந்தான் நீ தமுக்கடிச்சிக்கினு வந்த. சர்க்காரே கண்டுபுடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். இங்க வந்து அஞ்சு வருசமாச்சு. தங்கச்சி புள்ளைங்களுக்கு ஒரு வாய் சோறு என் கையால ஊட்டுனதில்ல. பயம்."

பிழைப்பைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்தவன் ராயப்பன். ஒரு குழந்தையின் சாவை இவள் தலையில் தூக்கி வைத்திருக்கிறான் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரியும். மண்டியிட்டு அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திரு. கால்ல வுழுந்து ஒண்ணும் ஆவப்போறதில்ல. முனியம்மாகிட்ட வந்து சொல்லு. அவ மூஞ்சிய நான் நிமிந்து பாக்கணும்."

"வர்றேம்மா. இப்பவே கூட்டிக்கினு போறேன்" என்றான் ராயப்பன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அதுவரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. துணைக்கு வந்தவன் என்ற நிம்மதியில் நின்றிருந்தேன்.

"வாத்தியாரே, நீங்களும் தெனம் எங்கடையில சாப்புட்டவருதானே. அந்தப் புள்ள தின்ன அன்னிக்குக் காலைலகூட நாலு இட்லி சாப்புட்டீங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே."

"ஆவலம்மா."

"அத அப்பவே வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருக்கலாம். தமுக்கைக் கேட்ட அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. ராயப்பன் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்தும்விட்டது. படித்தவன், நமக்கெதுக்கு வம்பு என்று இருந்துவிட்டேன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்பதால் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு நாளும் அது என் கணக்கில் வரவே இல்லை. ராயப்பன் தன் பாவத்தை ஏழு தெருவிலும் சொன்னான், அம்சாவிடம் சொன்னான், அன்று சாயங்காலம் முனியம்மா வீட்டு வாசலிலும் நின்று சொன்னான். நான் என்னுடையதை இப்போதுதான் சொல்கிறேன்.