அண்ணனுக்குப் போட்ட சரி

அண்ணன் ஐந்தாம் வகுப்பில் தேறாமல் போனதால், அடுத்த வருஷம் நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. எங்கள் ஊரான பரவையில் இருந்தது அந்த ஒரு பள்ளிக்கூடம்தான். ஐந்தைத் தாண்டினால் மதுரையில் பெரிய பள்ளிக்கூடம். "இந்த வருசமும் போச்சுன்னா மாடு மேய்க்கப் போயிர வேண்டியதுதான்" என்று அப்பா அவனிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அண்ணன் விளக்கு வைத்ததும் சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

அம்மா என்னைத் தனியாக அழைத்து, "மூத்தவன்டா அவன். நாலு பேரு முன்னால அவன எறக்கிப்புடாத" என்றாள்.

எங்கள் வாத்தியாருக்குக் கணக்கில் ஒரு முறை உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு வேறு கணக்குச் சொல்வார். போட்டதும் சிலேட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் விடைகளைப் படிக்க, நாங்கள் சரியோ தப்போ போட்டுத் திருப்பிக் கொடுப்போம். தப்பு வாங்கியவர்கள் மத்தியானம் சோற்றுக்குப் போகுமுன் வேப்பமரத்தடிக்கு வர வேண்டும். அடிக்க அல்ல. எங்கே பிசகியது என்று அங்கேயே காட்டி, மறுபடி போட வைப்பார்.

ஆரம்பத்தில் ஒரு பெருக்கலுக்கு நான் அண்ணனுக்குத் தப்புப் போட்டேன்.

"தம்பி கையாலயே தப்பு வாங்கியாச்சா? அடுத்த வருசம் ஒம் மகனும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிருவான், மாப்ள" என்றான் பின் பெஞ்சுக்காரன். வகுப்பு சிரித்தது. அண்ணனும் சிரிக்கப் பார்த்தான். அன்று மத்தியானம் மரத்தடியிலிருந்து வந்தவன் சாப்பிடவில்லை. அந்த மாதிரிப் பெருக்கலில் அதற்குப் பிறகு அவன் பிசகியதே இல்லை. அதையும் நான் கவனித்தேன். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது அவன் சாப்பிடாததுதான்.

பிறகு மணங்கு, வீசை என்ற எடைக் கழித்தல் வந்தது. மணங்குக்கு எட்டு வீசை. வீசை போதாமல் மணங்கில் ஒன்றைக் கடன் வாங்கும்போது அண்ணன் எட்டுக்குப் பதிலாகப் பத்தைச் சேர்த்துக்கொள்வான். சாதாரணக் கழித்தலில் பழகிய கை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இரண்டு வீசை கூடிப் போகும். நான் ஒவ்வொரு முறையும் சரி போட்டேன்.

"சரியாடா?" என்பான்.

"சரிதாண்ணே."

உடனே எச்சில் தொட்டு அழித்துவிடுவான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வீட்டில் வாய்விட்டுப் பேசவும் ஆரம்பித்தான். நான் பிறகு மதுரையிலும் சென்னையிலும் படித்தேன். எவ்வளவோ படித்தும் அந்தச் சரிகளுக்கு ஒரு நியாயம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

பெரிய பரீட்சையின் தாள்கள் வெளியூருக்குப் போய்விடும். திரும்பி வராது. தேறினான், தேறவில்லை என்ற சொல் மட்டும் லீவு முடிகிற நேரத்தில் வரும். அண்ணனுக்கு, கணக்கில் தேறவில்லை என்று வந்தது.

அப்பா எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். வாத்தியாருக்கே குழப்பம். "வகுப்புல நல்லாத்தானே போட்டான்? எந்த எடத்துல தடுமாறுறான்னு தெரிஞ்சா ஒரே நாள்ல சொல்லிக் குடுத்துருவேன். மறுபரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீதானடா இவன் சிலேட்டப் பாத்த? கழித்தல்ல ஏதும் தப்பு வந்துச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்பாவும் பார்த்தார்.

"இல்ல சார். அம்புட்டும் சரி."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பப் பரீட்சைன்னாதான் இவனுக்கு ஆகல. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? விடுங்க, வாத்தியாரய்யா. காட்டு வேல கெடக்கு."

திரும்பி வரும்போது அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டான். "நீயாச்சும் சொன்னியேடா" என்றான். பெரியவர்கள் முன்னால் அவனைத் தலைகுனிய விடவில்லை என்ற பெருமையில் நான் நிமிர்ந்து நடந்தேன். தன் மூளையில்தான் ஏதோ கோளாறு என்று அவன் சாகும்வரை நம்பப் போகிறான் என்பதோ, ஒரே ஒரு தப்புப் போட்டிருந்தால் அது மரத்தடியில் ஒரு மத்தியானத்தில் தீர்ந்திருக்கும் என்பதோ எனக்கு அப்போது தெரியாது.