வரைபடத்தில் ஒரு குடித்தனம்

தவளக்குப்பம் ஜங்ஷனில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது என் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து, எஞ்சினியர் கையெழுத்து வாங்கி, அனுமதிக்கு அனுப்பித் தருவது என் பிழைப்பு. எங்கள் பக்கம் மனை வாங்கிய அன்றே எல்லோரும் எஞ்சினியர் ஆகிவிடுவார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலையில் பாதி.

அவர்களிலும் நசீரா அக்கா தனி ரகம். கிருமாம்பாக்கத்தில் தன் தம்பி வீட்டு மாடியில், மகன் ஷாருக்கோடு குடியிருக்கிறார். கணவர் ஷரீப் மஸ்கட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணமான கையோடு போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். மகன் இப்போது பத்தாவது படிக்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வருடம் சேர்ந்து இருந்திருந்தால் பெரிது.

ஊரிலேயே ஒரு மனை வாங்கியிருந்தார்கள். "அனுமதி வந்துடுச்சுன்னா அவரே வந்து கடைக்கால் போடுறேன்னாரு" என்று அக்கா முதல் நாளே என்னிடம் சொன்னார். கணவர் அஸ்திவாரம் போட வருவதை ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அதைச் சொல்வதற்காகவே மாடிப்படி ஏறி வந்தவர் முகம் அது.

முதலில் வரைந்ததைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "கக்கூஸ்ல மேற்கப் பாத்து ஒக்கார வச்சிருக்கியே ஜோஸ்பின். நாங்க தொழுவுற திசை அது." வாஸ்து கேட்கிறவர்களுக்கே வரைந்து பழகியதில் எனக்கு அது தோன்றவில்லை. திருப்பிப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சமையலறையை முன்பக்கம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். பிறகு பின்பக்கமே இருக்கட்டும் என்றார். படிக்கட்டு உள்ளே வந்தது, வெளியே போனது. துணி துவைக்கும் கல் வீட்டையே ஒரு சுற்று சுற்றி வந்தது. பொறுமை என்பது எனக்குப் பெயருக்குக்கூடக் கிடையாது. "அக்கா, வூட்டுக்குச் சக்கரம் வச்சுக் குடுத்துடறேன். வேணுங்கிற பக்கம் தள்ளிக்குங்க" என்றேன். சிரித்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு வாட்டி மாத்திக் குடும்மா" என்றார்.

ஒரு மதியம் என் எதிரிலேயே உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டார். அக்காவின் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும்.

"சாப்ட்டியா?" என்றது அந்தப் பக்கம்.

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. ஷாருக் ஒழுங்கா படிக்கிறானா?"

"படிக்கிறான்."

அதோடு தீர்ந்தது. லைன் கட்டாகிவிட்டதா என்று நானே எட்டிப் பார்த்தேன். அக்கா மேஜையில் கிடந்த பிளானைத் தன் பக்கம் இழுத்து, "பெட்ரூம் கதவத் தெக்கால வச்சா இன்னாங்க?" என்றார்.

அந்த மனிதரின் குரலே மாறிவிட்டது. "அங்க எப்புடி வைப்ப? காலைல எழுந்து வர்றப்ப நேரா உன் அடுப்பாண்டதான் வந்து நிப்பேன்."

"நில்லுங்களேன். யாரு வேணான்னா?"

"குறுக்க நின்னுக்குனு டீ குடு, டீ குடுன்னுவேன். அப்புறம் திட்டுவ."

"திட்டத்தான் செய்வேன். டம்ளர எடுத்துக்குனு வாசல்ல போயி ஒக்காருங்க."

"வாசல்ல வெயிலடிக்கும்டி."

"அப்ப ஜோஸ்பின்கிட்ட சொல்லி அங்க ஒரு ஷேடு போடச் சொல்றேன்."

கோபித்துக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் தினமும் முட்டிக்கொள்கிறவர்களின் பேச்சு அது. அந்த வீடோ இன்னும் என் காகிதத்தில்தான் இருந்தது. அதற்குள்ளேயே அவர்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். டீ சொல்லிவிட்டு வருவதாக எழுந்து கீழே போனேன்.

அதற்குப் பிறகு அக்கா என்ன மாற்றச் சொன்னாலும் முணுமுணுக்காமல் மாற்றினேன். ஆனால் அக்காவுக்கே ஒரு நாள் பயம் வந்துவிட்டது. "இப்புடியே மாத்திக்குனு இருந்தா அனுமதி எப்ப வர்றது, அவரு எப்ப வர்றது? பேசுனது போதும் ஜோஸ்பின். ஆளு வரட்டும். இத்தையே குடுத்துடு" என்றார்.

அனுப்பினேன். அதிலிருந்து காலையும் மாலையும் அக்காவின் போன். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஒரே கேள்வி. இடையில் தம்பி மனைவியோடு போய்ப் புதுப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டார்.

எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் அனுமதி வந்தது. போனில் படம் எடுத்து உடனே அக்காவுக்கு அனுப்பினேன். ஸ்வீட் பாக்ஸோடு வருவார் என்று பார்த்தால், வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

"நீ அனுப்புனத அவருக்கும் அனுப்புனேன். கடையில லீவு குடுக்க மாட்டேங்கிறாங்களாம். தம்பிய வச்சிக் கடைக்கால் போட்டுடுன்னாரு. வூடு முடியட்டும், அப்ப பாக்கலாம்னாரு."

எனக்கு ஷரீப் மேல் ஆத்திரமாக வந்தது. அவரைச் சொல்லி என்ன, அவர் மட்டும் அங்கே ஆசைப்பட்டா கிடக்கிறார்? "ஆரம்பிச்சுட்டா சட்டுன்னு முடிஞ்சிடும்க்கா" என்று சொல்லிவைத்தேன். அக்கா பிளானை விரித்துவைத்துப் பார்த்தார்.

"இந்தக் கதவக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?"

"இனிமே மாத்தக்கூடாதுக்கா. இதுல இருக்கிற மாதிரிதான் கட்டணும்."

"ஏதாவது தப்பு இருந்தா?"

"தப்பு இருந்தா திருத்தி மறுபடி அனுப்பலாம்."

"அப்ப நல்லா பாரு ஜோஸ்பின். எங்கியாச்சும் ஒரு தப்பு இருக்கும்."

பார்த்தேன். சுவரைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், பக்கத்து மனைக்கு விட வேண்டிய இடத்தைப் பார்த்தேன். ஒரு தப்பாவது இருக்கக்கூடாதா என்று மனதார ஏங்கித் தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது.

"இல்லக்கா."

அக்கா பிளானை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மத்தியானம் கடை சாத்துனதும் அவரு போன் பண்ணுவாரு" என்றார். "இன்னா பேசறதுன்னே தெரியல."