ஞானத்தாயின் விலாசம்

போர்ச்சுகலைச் சேர்ந்த தெர்சேரா தீவில் மனுஷரைவிட மாடுகள் அதிகம். இருந்த மாடுகளையும் விற்ற பிறகு பெல்மீரோவுக்குப் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. கல்யாணம் கிடையாது, கூடப் பிறந்தவர் கிடையாது. அறுபது தாண்டியதும் இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்வது என்று நர்ஸ் லுசீலியா கேட்டது, நோயைவிட அதிகமாக வலித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போதும் என்றாள் அவள். வேலித் தகராறில் முகம் பார்க்காதவன் பெயரையா கொடுப்பது? ஆபரேஷனுக்குள் ஒரு ரத்த சொந்தத்தைப் பிடித்துவருகிறேன் என்று கிளம்பிவிட்டார் வீம்புக்காரர்.

அப்பா வழியார் கப்பலேறி அமெரிக்காவில் கரைந்துபோனவர்கள். அம்மா வழிதான் மிச்சம். அங்ரா நகரத்து ஆவணக் காப்பகத்தில், பூச்சி அரித்த ஞானஸ்நானப் பதிவுகளில், அம்மாவின் தாத்தா ஜசிந்து வரை ஏறினார். அங்கே ஏணி முடிந்தது. ஜசிந்து, வேண்டாத பிள்ளைகளை வெளியிலிருந்து வைத்துவிட்டுப் போக மடத்துச் சுவரில் இருந்த சுழல்பெட்டியில் கிடைத்த குழந்தை. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று ஞானத்தாயாக நிற்க ஒரு பெண்கூட வரவில்லை. அதனால் ஊர் வழக்கப்படி ஆரோக்கிய மாதாவையே ஞானத்தாயாக எழுதி, சிலையின் கிரீடத்தைக் கழற்றிவந்து குழந்தையின் தலையில் தொட்டிருக்கிறார்கள்.

"இதுக்கு மேல வழியில்லீங்க ஐயா," என்றாள் காப்பகத்துப் பெண். "பெட்டிக்கு அந்தப் பக்கம் யாரு நின்னாங்கன்னு யாரும் எழுதி வைக்கிறதில்ல."

பஸ்ஸில் வாய்விட்டு அழுதார். ஆனால் வீட்டுக்குப் போகாமல் ஜசிந்துவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் இறங்கினார். மாதா அங்கேயே இருந்தாள், அதே கிரீடத்தோடு, முன்னால் ஒரு மெழுகுவர்த்திகூட இல்லாமல். ஞானத்தாயைக் கண்டால் ஆசி கேட்கவேண்டும் என்பது அந்தத் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டார்.

ஆபரேஷன் அன்று லுசீலியா, "சொந்தம் யாராச்சும் கெடைச்சாங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"கெடைச்சாங்க. எங்க தாத்தாவோட அப்பாவுக்கு ஞானத்தாய்."

அத்தனை வயதில் யார் உயிரோடு இருப்பார்கள் என்று அவள் சிரித்தாள். கோயில் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அவளும் தீவுக்காரிதானே. வாதாடாமல் எழுதிக்கொண்டாள். ஏதாவது ஆனால் தானே நேரில் போய்ச் சொல்வதாகவும் சொன்னாள்.

"பொழைச்சாலும் போய்ச் சொல்லிடும்மா," என்றார் பெல்மீரோ. "இத்தனை வருஷமா எங்க வீட்லேருந்து யாருமே அவங்களப் போய்ப் பாக்கல."