நேர்ந்த தேங்காய்

கொக்குவில் தில்லைநாதனின் மகள் அருந்ததி சோம்பேறி அல்ல. கிணற்றில் அள்ளச் சொன்னால் அள்ளுவாள். தகப்பனின் பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுப்பாள். பள்ளிக்கூட ஒப்படை என்று வந்தால்தான் அவளுக்குக் கை ஓடாது. கொப்பியை விரிப்பாள், பென்சிலைச் சீவுவாள், சீவிய பென்சிலை இன்னும் கொஞ்சம் சீவுவாள். பிறகு 'நாளைக்குச் செய்வம்' என்று எழும்பிவிடுவாள்.

பிழை அவளுடையது மட்டுமில்லை. சண்டை நடந்த நாடும் அவளுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருந்தது. கணக்குக் காட்டவேண்டிய நாளில் கர்த்தால் வந்து ஊரே பூட்டிக் கிடக்கும். வரலாறு எழுதாத நாளில் குண்டு போடும் பொம்மர் மேலே சுற்றும், முதல் பாடத்தோடு பள்ளிக்கூடம் கலையும். மற்றப் பிள்ளைகள் பங்கர்க் குழிக்கு ஓடும்போது அருந்ததிக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வரும். அதை நினைத்து வெட்கப்படுவாள். வெட்கப்பட்டுவிட்டு அடுத்த ஒப்படையையும் தள்ளிப்போடுவாள்.

ஏ.எல். வகுப்பில், சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்து படிப்பிக்கும் ஞானாம்பிகை ரீச்சரிடம் இந்தப் பருப்பு வேகவில்லை. செடிகளைப் பிடுங்கி, அழுத்திக் காயவைத்து, பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுவரச் சொல்லி ரீச்சர் ஒரு தவணை, மூன்று மாதம் முழுக்கக் காத்திருந்தார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, அவளை எழுப்பி நிறுத்தினார்.

"திங்கட்கிழமை கொண்டு வராட்டி நீர் பயோ வகுப்பிலை இருக்கேலாது. ஆர்ட்ஸுக்குப் போம்."

தகப்பனோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மகள் பயோ செய்யிறாள்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த மனிசனின் முகத்தில் எப்படி முழிப்பது? அவளுக்கும் வேறு பாடத்தில் மனம் இல்லை. பூவைப் பிளந்து பார்க்கிற அந்த ஒரு வகுப்பில்தான் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் இருப்பாள்.

அப்படியானால் நேரே போய்ச் செடி பிடுங்கினாளா? அதுதான் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் நின்று, "பிள்ளையாரே, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நடக்காட்டி உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறன்" என்று நேர்ந்தாள்.

சனிக்கிழமைதான் பயம் பிடித்தது. வேலிக்கரையெல்லாம் அலைந்து தும்பை, குப்பைமேனி, நாயுருவி எல்லாம் பிடுங்கினாள். காயவிட நாள் இல்லை. சிரட்டைக்கரி போட்ட அயன் பெட்டியால் பழைய பேப்பருக்கு மேலே தேய்த்துக் காயவைத்தாள். தும்பை கருகிப் போக, மறுபடியும் பிடுங்கினாள். ஞாயிறு விடிந்ததிலிருந்து மேற்கே ஷெல் சத்தம். அது என்றைக்குத்தான் இல்லை? சோற்றுப் பசையால் கடைசிச் செடியை ஒட்டியபோது பின்னேரம் ஆகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஒப்படையை நேரத்துக்கு முடித்த சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் மாட்டுவண்டிகள் நின்றன. சண்டிலிப்பாய்ப் பக்கமெல்லாம் ஷெல் அடித்துக்கொண்டு ஆமி வந்துவிட்டதாம். வகுப்பறைகள் நிறைய வீடு விட்டு ஓடிவந்த சனம். மேசைகளுக்குக் குறுக்கே சேலைகள் கட்டியிருந்தன. அவளுடைய வகுப்பில், கரும்பலகைக்குக் கீழே, செருப்பில்லாத கால்களை நீட்டியபடி ஞானாம்பிகை ரீச்சர் இருந்தார். மடியில் அவருடைய சின்ன மகள் நித்திரை.

அருந்ததி தொகுப்பை நீட்டினாள். ரீச்சர் இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"வடிவாய்ச் செய்திருக்கிறீர். நாளைக்குப் பாப்பம், பிள்ளை. இஞ்சை வைக்கவும் இடமில்லை."

நாளைக்கு என்று ரீச்சர் சொல்லி அவள் கேட்டதேயில்லை.

வீட்டுக்கு வந்தவளுக்கு நேர்ந்த தேங்காய் ஞாபகம் வந்தது. உடைத்தால், இத்தனை சனம் வீடு விட்டு வந்ததற்கு நன்றி சொல்வதாகிவிடும். உடைக்காவிட்டால் இன்னும் என்ன வருமோ? இதை மட்டும் தள்ளிப்போட அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை உடைத்தாள். கோயில் வீதியில் தங்கியிருந்த பிள்ளைகள் ஓடிவந்து, மண் ஒட்டிய தேங்காய்ச் சொட்டுகளைத் துடைக்காமலே கடித்தார்கள். ரீச்சரின் மகளும் ஒரு துண்டு வைத்திருந்தாள். கஞ்சி வாங்க நின்ற ரீச்சர் கிட்ட வந்தார்.

"என்ன நேர்த்தி, அருந்ததி?"

"சும்மா... படிப்புக்கு, ரீச்சர்."

"பலிச்சுதோ?"

அவள் ஓமென்று தலையை ஆட்டினாள்.

"அப்ப நாங்கள் வீட்டை திரும்பிப் போறதுக்கும் ஒண்டு நேர்ந்துவிடும், பிள்ளை. உம்மடை சொல்லைப் பிள்ளையார் கேக்கிறார்."

"ஓம், ரீச்சர்" என்றாள் அருந்ததி. பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.