ஐயா உட்கார்ந்த இடம்

பார்சல் கூடத்தில் அவளுக்கு நாய்க்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகைத் திருப்பினால் வேறு பெயரும் இல்லை. சுங்கத்துறையில் முத்திரை குத்தும் வேலைக்குச் சேர்ந்தபோது, நாயைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவளாகத்தான் இருந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரே வேலை மோப்ப நாயைப் பழக்குவது. தினமும் பேருந்தில் தொங்குவதைவிட ஒருமுறை கடிபடுவது மேல் என்று மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

வந்த நாய் யாரையும் கடிக்கவில்லை, யாரையும் மதிக்கவும் இல்லை. சரக்கைக் கண்டுபிடித்தால் குரைக்காது; கையெழுத்துப் போட மறுக்கும் அதிகாரியைப் போல அதன் முன்னால் அசையாமல் உட்கார்ந்துவிடும். அதனால் கூடத்தில் அதற்கு ஐயா என்று பெயர். "ஐயா சாப்பிட்டாச்சா?" என்று எல்லோரும் விசாரிப்பார்கள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்க நாதியில்லை.

பிறகு, ஆய்வகத்தில் செய்த போதை மாத்திரைகள் வரத் தொடங்கின. அரசு ஒன்றைத் தடைசெய்யும். செய்கிறவர்கள் அதன் வேதிக் கட்டமைப்பில் ஒரு மூலையை மாற்றி, தடையில் சிக்காத தம்பியை அனுப்புவார்கள். அரசு கூட்டம் போட்டு, பிஸ்கட் தின்று, தம்பியையும் தடைசெய்யும். அதற்குள் தங்கை வந்து இறங்கியிருப்பாள். கடைசியில் பொறுமை இழந்த அரசு மொத்தக் குடும்பத்தையும் தடைசெய்தது. கையோடு இன்னொரு உத்தரவும் வந்தது: புது மாத்திரையை மோந்து காட்டாத நாய்களுக்கு ஓய்வு, அவற்றின் இடத்தில் இயந்திரம். அவளுக்கென்ன, பழைய முத்திரையும் பழைய பேருந்தும் காத்திருந்தன. ஐயாவை மட்டும் ஏலத்தில் விட்டுவிடுவார்கள்.

பயிற்சிக்கு மாத்திரை ஒரு சின்ன டப்பாவில் வந்தது. தோலில் படக்கூடாது என்று எச்சரிக்கை. ஸ்டோர்காரரிடம் ஒரு ஜோடி ரப்பர் கையுறை கேட்டால் கிட்னியைக் கேட்டதுபோல் பார்ப்பார். ஆகவே மாத்திரை வைக்கும் பெட்டியைத் தொடும்போது மட்டும் கையுறை போட்டாள். மற்ற பெட்டிகளை வெறுங்கையால் அடுக்கினாள். ஐயா ஒருமுறைகூடத் தவறவில்லை. அவள் நடையே மாறிப்போனது.

தேர்வு நாளில் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் அம்மா வந்தார். துறை இயக்குநரும் வந்தார். புகைப்படத்துக்காகக் கையுறை மாட்டி, ஓரத்தில் கிடந்த ஒரு வெற்றுப் பெட்டியைத் தூக்கிச் சிரித்துவிட்டுக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். தேர்வாளர் அம்மா அவளை வெளியே அனுப்பிவிட்டு, மாத்திரையை இடுக்கியால் எடுத்து வரிசையில் ஒரு பெட்டிக்குள் வைத்தார்.

அவள் உள்ளே அழைத்து வந்த ஐயா வரிசை முழுவதையும் அலட்சியமாகக் கடந்தது. நேராகப் போய் இயக்குநர் முன்னால் உட்கார்ந்தது.

"என்னம்மா இது, என்னையே பிடிக்குது?"

"ஐயாவுக்கு ஐயாவைத் தெரியாதா!" என்று பின்னாலிருந்து ஒரு சுமைக்காரர் குரல் கொடுத்தார்.

"பாக்கெட்டைக் கொஞ்சம் காலி பண்ணுங்க சார்," என்றார் தேர்வாளர்.

"நானா?"

"நாய் உட்கார்ந்தா சோதிக்கணும்கிற ரூல் எல்லாருக்கும்தானே சார். நீங்க போட்ட ரூல்தான்."

சீப்பு வந்தது. பாதி தின்ற மிட்டாய் வந்தது. கையுறை வந்ததும் ஐயாவின் வால் தரையைப் பெருக்கியது.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வயசாயிடுச்சு, மூக்கு போச்சு," என்று இயக்குநர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி நாயோடு போய்விடும். நாயும் போய்விடும்.

"மேடம், ஐயா மூக்குல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் தப்பா பழக்கிட்டேன். மாத்திரை இருக்கிற பெட்டிக்கு மட்டும் கையுறை போட்டேன்."

"அப்போ இத்தனை நாளா உங்க நாய் கையுறையைப் பிடிச்சிட்டிருந்துச்சா?"

"ஆமா மேடம். ஒண்ணுகூட விடல."

தேர்வாளர் அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. "அப்படின்னா நல்ல மூக்குதான். ஒரு மாசம் தர்றேன். எல்லாப் பெட்டிக்கும் கையுறை போடுங்க."

ஸ்டோர்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாய்க்கு நீ பாடம் எடுத்தியா, உனக்கு அது எடுத்துச்சா?"

"தட்டை எடுத்து வைங்க. அதுக்கப்புறம் சிரிங்க."

அந்த மாதம் அவள் கையுறையோடே திரிந்தாள். வெற்றுப் பெட்டி, நாற்காலி, கதவு எல்லாவற்றையும் கையுறையால் தடவினாள். முதலில் ஐயா எல்லா இடத்திலும் உட்கார்ந்தது. எங்கே உட்கார்ந்தும் பரிசாக விளையாடப் பந்து கிடைக்காததால் வெறுத்துப்போய், கடைசியில் மாத்திரையையே தேடத் தொடங்கியது.

மறுதேர்வில் ஐயா வரிசையின் நடுவில் நின்று, யோசித்து, உட்கார்ந்தது. தேர்வாளர் அம்மா தலையசைத்தார். அவள் பந்தை எறிந்தாள். அது கதவோரம் உருண்டது. அங்கே, இரண்டு கைகளையும் பாக்கெட்டிலிருந்து தள்ளித் தொங்கவிட்டபடி இயக்குநர் நின்றிருந்தார். பந்தைக் கவ்விய ஐயா போகிற போக்கில் அவர் பாக்கெட்டை மோந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஐயா தும்மிவிட்டு நடந்தது.