கிருஷ்ணப்பிரியா வரைந்த கோழி

காட்டுப்பாக்கத்திலிருந்து கலிபோர்னியா வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கிருஷ்ணப்பிரியாவைப் போல் கோழி வரைய இன்னொரு ஆள் அகப்படாது. அவள் வரைந்த கோழி கம்ப்யூட்டருக்குள்ளேயே முட்டையிட்டு, அந்தச் சூட்டிலேயே குஞ்சு பொரித்து, குஞ்சுகள் வரிசையாக மாங்காடு கோயில் வரைக்கும் நடந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்டவள்தான் அன்று காலை பதினொரு மணிக்குத் தன் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் தானே வரைந்த ஒரு கோழியைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தாள்.

தேனியிலிருந்து சென்னைக்கு ஐடி வேலைக்கு வந்தவள். அதை விட்டுவிட்டு, வீரராகவன் நடத்தும் 'ஏரிக்கரை' வாரப் பத்திரிகைக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தாள். கட்சிக்காரரிடமோ மனை விற்பவரிடமோ விளம்பரம் வாங்காத எட்டுப் பக்கப் பத்திரிகை, படிப்பவர்களும் கொஞ்சம்தான். ஆள் சேர்க்கத்தான் இந்தத் தளம். பாரிவாக்கம் ஏரிக்கரைத் தெருவே படமாக விரியும். ஒரு வீட்டைத் தொட்டால் கதவு திறந்து அந்த வீட்டுச் செய்தி வெளியே வரும். வாசலில் ஒரு தபால்பெட்டி. வாசகர்கள் எழுதிப் போடலாம்.

கண்ணால் பார்க்காததை அவள் வரையமாட்டாள். மூன்று நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்து, ஜன்னல், கொடிக்கயிறு முதல் அப்படியே எடுத்திருந்தாள். ஏரியில் லாரி லாரியாக இடிபாடு கொட்டுகிற செய்தியை எந்தக் கதவுக்குப் பின்னால் வைப்பது? அது வந்த வீட்டுக் கதவுக்குத்தான். தளத்தின் முறையே அதுதானே. கைப்பழக்கத்தில் வைத்துவிட்டாள்.

அது சுலோசனாவின் வீடு; வாசலில் நீலத் தொட்டியும் அதன் மேல் ஒரு கோழியும் நிற்கிற வீடு. மொட்டை மாடியிலிருந்து லாரிகளைப் படம் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். பெயர் வெளியே வராது என்று வீரராகவன் வாக்குக் கொடுத்திருந்தார். லாரிக்காரர்களோ, போட்டோ எடுத்தது யார் என்று டீக்கடை டீக்கடையாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளோட்டத்துக்காக முந்தின நாள்தான் இருபது பேருக்கு இணைப்பு போயிருந்தது. இன்று தபால்பெட்டியில் பெயரில்லாத ஒரு சீட்டு:

"நொண்டிக் கோழி நிக்கிற நீலத் தொட்டி ஊடு யாருதுன்னு எங்களுக்குத் தெரியும். படத்தைத் தூக்கு."

வீரராகவனுக்குப் போன் போட்டாள்.

"சார், நானே காட்டிக் கொடுத்துட்டேன் சார். சுலோசனா அக்கா வீட்டுக் கதவு..."

வீரராகவன் இடைமறித்தார். "முதல்ல தளத்தை மூடும்மா. அப்புறம் அழலாம்."

மூடிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் வந்த லாரியெல்லாம் தன்னைத்தான் துரத்துவதாகப் பட்டது. அந்தச் சாலையில் லாரிக்கா பஞ்சம்?

சுலோசனாவின் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது, அவள் வரைந்த மாதிரியே. உள்ளே சத்தமில்லை.

"அக்கா! அக்கா!"

கொல்லையிலிருந்து ஈரக் கையோடு சுலோசனா வந்தாள். "இன்னாம்மா, பேயைப் பாத்தவ கணக்கா கீற?"

கிருஷ்ணப்பிரியாவின் காலைச் சுற்றிக்கொண்டு அந்தக் கோழி விந்தி விந்திப் போனது. மூன்று நாளும் அது தொட்டி மேல் நின்றதைத்தான் பார்த்திருந்தாள்; நடந்து பார்த்ததில்லை.

"இது எப்பலேர்ந்து நொண்டுது?"

"குஞ்சுல நாய் கவ்வுச்சு. ஊட்டு ஆளுங்களைத் தவுர யாருக்கும் தெரியாது. தீனி நேரம் தவுர தொட்டிய உட்டு எங்க எறங்குது?"

படியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான் சுலோசனாவின் மகன் கோகுல்நாத். வெள்ளோட்ட இணைப்பு போன இருபது பேரில் ஒருவன். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். காலிங் பெல்லை அழுத்திவிட்டு ஓடுவதில் தெருவுக்கே வாத்தியார். இந்தக் கதையை எழுதுகிறவனும் அவன்தான்.

"நான் வரைஞ்ச கோழி ரெண்டு கால்லயும் நேரா நிக்குது," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "நொண்டின்னு லாரிக்காரனுக்கு யாருடா சொன்னது?"

"சும்மா... தமாசுக்குக்கா."

அவள் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு நின்ற அவன் அம்மாவைப் பார்த்தாள்.

"தமாசு பண்றவன் படத்தைத் தூக்குன்னு ஏன்டா எழுதறான்? லாரிக்காரன் அம்மாவைக் கண்டுபிடிச்சிடுவான்னுதானே?"